கார்ன் ஸ்நேக் குட்டி என்ன நிறத்தில் பிறக்கும்? கணக்குப் போடும் முறை

கோவைப் பக்கம் வெள்ளை நாகம் பிடிபட்டதாக எப்போதாவது பத்திரிகையில் படம் வரும். வந்த மறுநாள் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "மிஸ், அதோட அப்பா அம்மாவும் வெள்ளையாத்தான் இருக்குமா?" அநேகமாக இருக்காது. சாதாரண நிறத்தில் திரிந்த இரண்டு நாகங்கள் ஒரே மரபணுக் குறையை ஆளுக்கு ஒரு பிரதியாகக் கொடுத்ததால் பிறந்த குட்டி அது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், செல்லப் பாம்புகளின் நிற மரபியலில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

நான் அருவங்காட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லித் தருகிறேன். வீட்டில் கார்ன் ஸ்நேக் வளர்க்கிறேன். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வாழும், விஷமில்லாத, எலி தின்னும் பாம்பு அது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் பாம்பு வளர்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் என்னிடம் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் குழம்புகிறார்கள். நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், நிறத்தைப் பார்த்து ஜோடி சேர்க்கிறார்கள், பொரித்து வந்த குட்டிகளைப் பார்த்துத் திகைக்கிறார்கள். தோலில் தெரிவது கணக்கில் பாதிதான். மீதி, பெற்றோரைப் பற்றிய பதிவில் இருக்கிறது. அந்த மீதியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டம். நம் காட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தேயிலைத் தோட்டத்தில் பிடித்த சாரையாக இருந்தாலும் சரி, மலைப்பாம்புக் குட்டியாக இருந்தாலும் சரி. பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு மாதிரி, சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள அயல்நாட்டுப் பாம்பு என்றால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்நேக் சைட்டீஸ் பட்டியலில் இல்லை. ஆனாலும் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கருப்பு ஒரு கணக்கு, சிவப்பு ஒரு கணக்கு

சாதாரண கார்ன் ஸ்நேக்கை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிற உடல். முதுகில் செங்கல் சிவப்புத் திட்டுகள். ஒவ்வொரு திட்டையும் சுற்றிக் கருப்புக் கோடு. திருப்பினால் வயிறு முழுக்கக் கருப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். கருப்பை உண்டாக்கும் செல்கள் வேறு, சிவப்பு மஞ்சளை உண்டாக்கும் செல்கள் வேறு. அதனால் ஒன்று நின்றுபோனாலும் மற்றது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

கருப்பு நின்றுபோனால் அமெலனிஸ்டிக், சுருக்கமாக அமெல். சிவப்பும் ஆரஞ்சும் அப்படியே இருக்கும். கருப்புக் கோடு இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கும், கண் சிவப்பாக இருக்கும். சிவப்பு நின்றுபோனால் அனெரித்ரிஸ்டிக், அதாவது அனெரி. சாம்பலும் கருப்புமான பாம்பு, கண் கருப்பு. வயது ஏற ஏற அனெரியின் தொண்டையில் மஞ்சள் படரும். அதைப் பார்த்து வேறு வகையோ என்று பயப்பட வேண்டாம். இரண்டும் நின்றுபோனால் ஸ்னோ. குட்டியில் இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை, கண்ணும் இளஞ்சிவப்பு.

அமெலின் வரலாறு பெரிது. 1953-இல் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் காட்டில் பிடிபட்ட ஓர் அமெல் ஆண், பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவரின் கைக்கு வந்தது. அவர் அதைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தார். குட்டிகள் எல்லாம் சாதாரணம். அந்தக் குட்டிகளை வளர்த்துத் தங்களுக்குள் சேர்த்தபோது, 1961-இல் அமெல் குட்டிகள் பொரித்தன. ஒரு தலைமுறை முழுக்க மறைந்திருந்து அடுத்த தலைமுறையில் வெளிவந்தது. மெண்டல் பட்டாணிச் செடியில் பார்த்ததேதான். 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் காரணத்தையும் கண்டார்கள்: கருப்பு நிறமி உருவாகத் தேவையான ஓசிஏ2 என்ற மரபணுவுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு வந்து செருகிக்கொண்டு அதன் வேலையைக் கெடுத்திருக்கிறது.

ஒவ்வொரு மரபணுவும் பாம்பிடம் இரண்டு பிரதி இருக்கும். ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். பாம்பு சாதாரண நிறத்தில்தான் இருக்கும். இரண்டும் கெட்டால்தான் நிறம் போகும். இதைத்தான் பாடப்புத்தகம் ஒடுங்கு பண்பு என்கிறது, பாம்பு வளர்ப்பவர்கள் ரெசசிவ் என்கிறார்கள். ஒரு பிரதி மட்டும் கெட்டு, வெளியில் தெரியாமல் சுமக்கும் பாம்புக்கு ஹெட் என்று பெயர்.

கொண்டைக்கடலையில் போட்டுப் பாருங்கள்

பிள்ளைகளுக்கு நான் கட்டம் போடச் சொல்வதற்கு முன் சமையலறைக்குப் போகச் சொல்வேன். கருப்புக் கொண்டைக்கடலை என்பது வேலை செய்யும் பிரதி, வெள்ளைக் கொண்டைக்கடலை என்பது கெட்ட பிரதி. இரண்டு டம்ளர் எடுங்கள், ஒன்று அப்பா, ஒன்று அம்மா. இருவருமே அமெல் ஹெட் என்றால் இரண்டு டம்ளரிலும் ஒரு கருப்பு, ஒரு வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று எடுத்துச் சேர்த்து வையுங்கள். அது ஒரு குட்டி. எழுதிக்கொண்டு, கடலையைத் திரும்பப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். திரும்பப் போட மறந்தால் கணக்கு கெட்டுவிடும்.

நிறைய தடவை எடுத்தால் நாலில் ஒன்று இரண்டும் கருப்பு, நாலில் இரண்டு கலப்பு, நாலில் ஒன்று இரண்டும் வெள்ளை. அதாவது நாலில் மூன்று பங்கு சாதாரணமாகத் தெரியும், ஒரு பங்கு அமெல். ஒரு பெற்றோர் அமெல், மற்றவர் ஹெட் என்றால் பாதிக்குப் பாதி. ஒருவர் அமெல், மற்றவருக்குக் குறையே இல்லை என்றால் எல்லாக் குட்டியும் சாதாரணம், எல்லாமே ஹெட்.

இரண்டு பண்பு சேரும்போது இன்னொரு ஜோடி வேண்டும். சிவப்புக் காராமணியும் வெள்ளைக் காராமணியும் எடுத்துக்கொள்ளுங்கள். அனெரியின் கணக்கு அதில். அமெல் பெண்ணையும் அனெரி ஆணையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்கச் சாதாரண நிறம். நிறமுள்ள குட்டி கிடைக்கவில்லையே என்று பலர் இங்கே சோர்ந்து எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் குட்டி ஒவ்வொன்றும் இரண்டு பண்புக்கும் ஹெட். டபுள் ஹெட் என்று சொல்வோம். கையில் இருக்கும் நல்ல சொத்து அதுதான். அவற்றை வளர்த்துச் சேர்த்தால் பதினாறில் 9 சாதாரணம், 3 அமெல், 3 அனெரி, 1 ஸ்னோ.

பதினாறில் ஒன்று என்றால் 16 முட்டையில் ஒரு ஸ்னோ நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முட்டை ஒவ்வொன்றும் தனித்தனி. 16 முட்டை பொரித்தும் ஒரு ஸ்னோகூட இல்லாமல் போக நூற்றுக்குச் சுமார் 36 வாய்ப்பு இருக்கிறது. என் வீட்டில் ஒரு ஈட்டில் 14 குட்டி: 7 சாதாரணம், 4 அமெல், 3 அனெரி, ஸ்னோ இல்லை. கணக்கு பொய்யாகிவிடவில்லை, 14 என்பது சின்ன எண், அவ்வளவுதான். ஸ்னோதான் வேண்டும் என்றால் டபுள் ஹெட்டை இன்னொரு டபுள் ஹெட்டோடு சேர்க்காமல் ஒரு ஸ்னோவோடு சேருங்கள். நாலில் ஒன்று ஸ்னோவாக வரும்.

இரண்டு வெள்ளைக்கு ஆரஞ்சு குட்டி

கேத்தியிலிருந்து வரும் தம்பி ஒருவர் வெள்ளைப் பாம்பு ஜோடி வைத்திருந்தார். விற்றவர், "ரெண்டும் வெள்ளை, குட்டியெல்லாம் வெள்ளையா வரும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பொரித்தது எல்லாம் ஆரஞ்சு. பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மிஸ், பொண்ணு ஏற்கெனவே வேற ஆணோட சேர்ந்திருக்குமோ?"

நியாயமான சந்தேகம். பெண் பாம்பு விந்துவை உடலுக்குள் சேமித்து வைத்து மாதங்கள் கழித்தும் கருத்தரிக்கும். ஆனால் குட்டிகளின் கண்ணைப் பாருங்கள் என்றேன். ஒன்று விடாமல் சிவப்புக் கண், எதன் திட்டைச் சுற்றியும் கருப்புக் கோடு இல்லை. எல்லாமே அமெல். அப்படியென்றால் அப்பா அம்மா இருவருமே அமெல் பண்பை இரண்டு பிரதியாக வைத்திருக்கிறார்கள், அது பொருந்துகிறது. சிவப்பு திரும்பி வந்ததுதான் கேள்வி. பெரிய பாம்புகளைப் பார்த்தோம். பெண்ணின் கழுத்தில் மஞ்சள் இருந்தது, ஆணிடம் அது துளியும் இல்லை. பெண் ஸ்னோ, ஆண் பிளிஸார்ட்.

விஷயம் இதுதான். சிவப்பைக் குறைக்கும் மரபணு ஒன்று மட்டும் இல்லை. அனெரி ஒன்று, சார்கோல் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு இடத்தில் இருப்பவை, பார்ப்பதற்கு மட்டும் நெருக்கம். அமெலும் அனெரியும் சேர்ந்தால் ஸ்னோ. அமெலும் சார்கோலும் சேர்ந்தால் பிளிஸார்ட். ஸ்னோவிடம் சார்கோலின் நல்ல பிரதி இருக்கிறது, பிளிஸார்டிடம் அனெரியின் நல்ல பிரதி இருக்கிறது. குட்டிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் நல்ல பிரதி ஒவ்வொன்று வந்துவிட, சிவப்பு திரும்பிவிட்டது. அமெல் குறை மட்டும் இரு பக்கமும் பொதுவாக இருந்ததால் கருப்பு வரவில்லை.

அதனால் ஒரே மாதிரி தெரியும் இரண்டு பாம்பை ஒரே மரபணு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். சேர்த்துப் பார்த்து, குட்டிகளும் அதே மாதிரி வந்தால்தான் ஒன்று. தம்பிக்கு நட்டமில்லை. அந்த ஆரஞ்சுக் குட்டி ஒவ்வொன்றும் அனெரிக்கும் சார்கோலுக்கும் உறுதியான ஹெட்.

ஹெட் என்ற சீட்டை எப்படிப் படிப்பது

விற்பவர்கள் டப்பாவில் எழுதி ஒட்டும் சதவீதம்தான் ஏமாற இடமுள்ள இடம். 100 சதவீத ஹெட் என்றால் பெற்றோரில் ஒன்று அந்த நிறத்தையே காட்டியிருக்க வேண்டும். அந்தப் பெற்றோரின் படத்தைக் கேளுங்கள். 66 சதவீத ஹெட் என்றால் இரண்டு ஹெட் சேர்ந்து பிறந்த சாதாரணக் குட்டி: மூன்றில் இரண்டு சுமக்கும், ஒன்று சுமக்காது, எது எது என்று தோலில் தெரியாது. 50 சதவீதம் என்றால் ஹெட்டும் சாதாரணமும் சேர்ந்தது. 66-ஐயும் 50-ஐயும் பாம்பின் தன்மை என்று நினைக்காதீர்கள். ஒரு குட்டி சுமக்கும் அல்லது சுமக்காது, பாதி சுமப்பது என்று ஒன்று கிடையாது. அந்த எண் நமக்குத் தெரிந்த அளவைத்தான் சொல்கிறது. என் கருத்தில், 50 சதவீத ஹெட்டுக்குச் சாதாரணப் பாம்பின் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

உறுதி செய்ய வழி, அந்த நிறத்தைக் காட்டும் பாம்போடு சேர்ப்பது. சந்தேகத்துக்குரிய பெண்ணை அமெல் ஆணோடு சேர்த்து ஒரே ஒரு அமெல் குட்டி வந்தாலும் போதும், அவள் ஹெட் என்று முடிந்தது. வராவிட்டால்? அவள் உண்மையில் ஹெட்டாக இருந்து 6 குட்டியும் சாதாரணமாகப் பிறக்க 64-இல் ஒரு வாய்ப்புதான், ஆகவே இல்லை என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். அமெலுக்குப் பதில் இன்னொரு ஹெட்டோடு சேர்த்தால் இந்தச் சோதனை மிகவும் பலவீனம். 8 குட்டியும் சாதாரணமாக வர நூற்றுக்குப் பத்து வாய்ப்பு இருக்கும்.

மலைக்குளிரும் முட்டையும்

நம் ஊர்க் குளிர் கார்ன் ஸ்நேக்குக்கு ஒரு விதத்தில் உதவி. இனச்சேர்க்கைக்கு முன் இரண்டு மூன்று மாதம் குளிரில் ஒடுங்கிக் கிடப்பது அதன் இயல்பு, சமவெளியில் இருப்பவர்கள் அதற்குப் படாத பாடு படுகிறார்கள். இங்கே டிசம்பர், ஜனவரியில் சூடேற்றும் பாயை நிறுத்தினாலே போதும். ஆனால் வயிறு காலியான பிறகுதான் நிறுத்த வேண்டும். இரை உள்ளே இருக்கும்போது உடல் குளிர்ந்தால் செரிக்காமல் அழுகிவிடும். உறைபனி விழும் இரவில் அறையை அப்படியே விட்டுவிடவும் கூடாது. 10 டிகிரிக்குக் கீழே போகாமல் பாருங்கள். பெண்ணுக்கு மூன்று வயது, மூன்றடி நீளம், 300 கிராம் எடை ஆகும் வரை ஜோடி சேர்க்காதீர்கள். நிறக் கணக்கு எவ்வளவு ஆசை காட்டினாலும் இதில் அவசரம் வேண்டாம்.

முட்டை வருவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன். அடைகாக்கும் இரண்டு மாதமும் இங்கே மழை, ஈரம், கரண்ட் கட். 28 டிகிரி சீராக இருக்க வேண்டும். தெர்மாகோல் பெட்டி, தெர்மோஸ்டாட், ஈரமான வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்), கட்டாயம் இன்வெர்ட்டர். முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்து, புள்ளி மேலே இருக்கும்படியே கடைசி வரை வைத்திருங்கள்; புரட்டக் கூடாது.

இதை நிறக் கட்டுரையில் சொல்லக் காரணம் உண்டு. அடைகாக்கும் சூடு அதிகமாகிப் போனாலும் குட்டியின் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகலாம். அது மரபணு இல்லை, அடுத்த தலைமுறைக்குப் போகாது. கோலம் விசித்திரமான ஒரே ஒரு குட்டிக்குப் புதுப் பெயர் வைத்து விற்கக் கிளம்புவதற்கு முன் வெப்பநிலைக் குறிப்பைப் பாருங்கள், அப்புறம் வளர்த்துச் சேர்த்துப் பாருங்கள்.

எல்லாம் ரெசசிவ் இல்லை

கார்ன் ஸ்நேக்கில் டெசரா என்ற கோலம் ஓங்கு பண்பு. ஒரு பிரதி போதும், குட்டிகளில் பாதிக்கு வரும், மறைந்து சுமப்பது என்ற பேச்சே இல்லை. பால் பைத்தானில் பேஸ்டல் போன்றவை இடைப்பட்ட வகை: ஒரு பிரதி இருந்தால் மஞ்சள் தூக்கலாகத் தெரியும், இரண்டு இருந்தால் இன்னும் மாறி சூப்பர் பேஸ்டல். மொஹாவி என்பதில் இரண்டு பிரதி சேர்ந்தால் நீலக்கண் வெள்ளைப் பாம்பே பிறக்கும். பனானா என்பது இன்னும் ஒரு படி மேல், அது பாலினக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. பைத்தான்களுக்கு நம்மைப் போல எக்ஸ், ஒய் முறைதான் என்று 2017-இல் தெரிந்தது. அதற்கு முன் எல்லாப் பாம்புக்கும் பறவை மாதிரி இசட், டபிள்யூ என்றே எண்ணியிருந்தார்கள். அப்பாவிடமிருந்து பனானாவைப் பெற்ற ஆணுக்குப் பிறக்கும் பனானாக் குட்டிகள் பெரும்பாலும் ஆண். அம்மாவிடமிருந்து பெற்ற ஆணுக்குப் பெரும்பாலும் பெண்.

நிறத்தோடு நோயும் வரும் இடத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பால் பைத்தானில் ஸ்பைடர் என்ற வகை அழகானது, ஆனால் தலை நடுங்கும், சுழலும். இரையைக் குறிவைக்கத் தடுமாறும். உள்காதே சரியாக உருவாகாமல் இருப்பதால் வருவது, நல்ல வளர்ப்பால் தீராது, அந்தப் பண்பை மட்டும் வைத்துக்கொண்டு நடுக்கத்தைப் பிரிக்கவும் முடியாது. என் மாணவர் யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கார்ன் ஸ்நேக்கில் ஸ்டார்கேஸர் என்று ஒன்று உண்டு. தலையை வானத்தைப் பார்த்துத் தூக்கி நிலைதடுமாறும் நரம்புக் கோளாறு, இதுவும் ரெசசிவ். சன்கிஸ்ட் என்ற நிற வம்சத்தில் பரவியது. ஸ்பைடருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், சன்கிஸ்டை ஸ்டார்கேஸரிலிருந்து பிரிக்க முடியும். உரித்த சட்டையிலிருந்தே டிஎன்ஏ எடுத்துப் பரிசோதிக்கும் வசதி வெளிநாட்டில் இருக்கிறது. ஆகவே சன்கிஸ்ட் வாங்கும்போது பெற்றோரின் பரிசோதனை முடிவைக் கேளுங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஒரே ஜோடியின் பிள்ளைகளைத் தங்களுக்குள் திரும்பத் திரும்பச் சேர்ப்பதும் இப்படித்தான் மறைந்த குறைகளை வெளியே கொண்டுவரும். ஒரு தடவை அண்ணன் தங்கை சேர்ந்து ஸ்னோ வந்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு வேறு வம்சத்து ஹெட்டைத் தேடுங்கள்.

மிஞ்சிய சாதாரணக் குட்டிகளைக் காட்டில் விடுவது பற்றி ஒரே வார்த்தை: கூடாது. ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் செல்லமாக வந்த கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்குகள், வெள்ளை நிறத்தவை உட்பட, காட்டில் பெருகி அங்கே மட்டுமே உள்ள பல்லி இனங்களைத் தின்று தீர்க்கின்றன. நம் சோலைகளிலும் வேறெங்கும் இல்லாத பல்லிகளும் தவளைகளும் இருக்கின்றன. கொடுக்க ஆள் இல்லை என்றால் முட்டை வைக்க விடாதீர்கள்.

இனி பதிவேடு. ஒரு பாம்புக்கு ஒரு பக்கம். அதன் அப்பா, அம்மா யார், எங்கிருந்து வந்தது, கண்ணின் நிறம், குட்டியாக இருந்தபோது எடுத்த படம், வளர்ந்தபின் எடுத்த படம். பெண் என்றால் எந்தத் தேதியில் எந்த ஆணோடு விட்டீர்கள், அதற்கு முந்தைய ஆண்டு யாரோடு. ஈட்டுக்கு ஒரு பக்கம்: முட்டை எத்தனை, பொரித்தது எத்தனை, நிறவாரியாக எத்தனை, பெட்டியின் வெப்பம் தினமும். பொரிக்காமல் செத்த முட்டையைத் திறந்து குட்டியின் நிறத்தைப் பார்த்து அதையும் எழுதுங்கள். பலர் அதை விட்டுவிடுவதால்தான் கணக்கு கோணுகிறது. குட்டியைக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தின் நகலைக் கூடவே கொடுங்கள். அதில் அமெல் பெற்றோருக்குப் பிறந்ததை உறுதியான ஹெட் என்றும், மற்றதை ஹெட்டாக இருக்கலாம் என்றும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.